வாடகை வராவிட்டால்: யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர் கேட்கிற கேள்விகள்

நான் சட்டத்தரணி அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் கோப்புக் கட்டி, நோட்டீஸ் தட்டச்சு செய்கிறவன். வாடகைக்காரரோடு மல்லுக்கட்டிக் களைத்து வருகிற வீட்டுக்காரர் முதலில் வந்து குந்துவது என் மேசைக்கு முன்னால்தான். உள்ளே போவதற்கு முன் அவர்கள் என்னிடம் கேட்பவற்றையும், உள்ளே அவர்களுக்குச் சொல்லப்படுவதையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு எது சரி என்பதை வீட்டின் உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துப் பார்க்கிற சட்டத்தரணிதான் சொல்லலாம்.

மூன்று மாதமாக ஒரு சதமும் வரவில்லை. வீடு என்னுடையது, உறுதி என் பெயரில். பூட்டை மாற்றினால் என்ன?

மாற்றினால் அடுத்த கிழமை நீங்கள் எதிராளி ஆகிவிடுவீர்கள். உறுதி உங்களுடையதுதான், ஆனால் வீட்டின் ஆட்சி, அதாவது அதில் இருந்து அனுபவிப்பது, இப்போது அவரிடம் இருக்கிறது. சட்டம் முதலில் காப்பது அந்த ஆட்சியை. வாடகை கட்டாதவருக்கும் அந்தக் காப்பு உண்டு என்பதுதான் எங்கள் ஆட்களுக்குத் தொண்டையில் இறங்காத விஷயம்.

1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தில் 66 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணி, வீட்டுத் தகராறில் சமாதானக் குலைவு வரும் என்று கண்டால் பொலிஸ் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பாதிக்கப்பட்டவர் நேரடியாகவும் போகலாம். அந்த விசாரணையில் உறுதி யாருடையது என்று பார்ப்பதில்லை. ஆட்சியில் இருந்தது யார், அவரைப் பலவந்தமாக வீட்டை விட்டு எழுப்பினார்களா என்றுதான் பார்ப்பார்கள். தகவல் தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் எழுப்பப்பட்டிருந்தால், 68 ஆம் பிரிவின்படி ஆளைத் திரும்ப வீட்டில் இருத்தும்படி கட்டளை வரும். நீங்கள் போட்ட புதுப் பூட்டை நீங்களே திறந்துவிட வேண்டிவரும். அதன் பிறகு நீங்கள் போடப்போகிற நல்ல வழக்கில்கூட, சண்டித்தனம் செய்த வீட்டுக்காரர் என்ற பெயரோடுதான் நிற்பீர்கள்.

ஆளைத் தொடமாட்டேன். கரண்டையும் தண்ணியையும் மட்டும் நிறுத்தினால்?

ஒருவர் இப்படித்தான் செய்தார். மின்சாரம் வேறு மீற்றரில், அதைத் தொட முடியவில்லை. கிணறு பொது, மோட்டர் மட்டும் அவருடைய மீற்றரில். ஒரு வெள்ளிக்கிழமை காலை மோட்டருக்குப் போகிற பியூஸ் கட்டையைக் கழற்றிச் சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். வாடகைக்காரரின் மனைவி கைக்குழந்தையோடு பொலிஸ் நிலையத்தில் போய் நின்றார். பின்னேரம் இவரைக் கூப்பிட்டார்கள். பொக்கற்றில் பியூஸ் கட்டை இருக்க, "நான் ஒன்றும் செய்யவில்லை, மோட்டர் பழுது" என்று சொல்லியிருக்கிறார். அதுவரை எட்டு மாத நிலுவையோடு நியாயம் முழுக்க இவர் பக்கம் இருந்தது. அன்று பின்னேரத்தோடு அது போய்விட்டது.

தண்ணீர், மின்சாரம், படலைப் பாதை, மலசலகூடம் இவற்றை மறித்து ஆளை எழுப்பப் பார்ப்பதும் பலவந்தம்தான். தடையுத்தரவு கேட்டு அவர் மாவட்ட நீதிமன்றம் போகலாம். மின்பட்டியல் உங்கள் பெயரில் வந்து அவர் கட்டாமல் விட்டால், பட்டியலைக் கட்டிவிட்டு அந்தச் சிட்டையைக் கோப்பில் வையுங்கள். வழக்கில் அந்தக் காசையும் சேர்த்துக் கேட்கலாம்.

பொலிஸ் எழுப்பித் தராதா?

தராது. அது குடியியல் விஷயம். தெரிந்த ஆளை வைத்து "ஒருக்கா வெருட்டிவிடச்" சொல்லலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வெருட்டலும் முறைப்பாடாகும், உங்கள் மேல். அவர் அடித்தார், சாமானை உடைத்தார் என்றால் மட்டும் போய் முறைப்பாடு போட்டு, அதன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கிராம சேவையாளரும் அப்படித்தான். இன்றைக்கும் சில ஐயாமார் "விதானையாரிடம் சொன்னால் முடியும்" என்கிறார்கள். அவர் கூப்பிட்டுக் கதைக்கலாம், கடிதம் தரலாம், ஆனால் எழுப்ப அதிகாரம் இல்லை.

அப்படியென்றால் என் வீட்டுக்கு எந்தச் சட்டம்?

உள்ளே கேட்கப்படுகிற முதல் கேள்வியும் இதுதான். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் உங்கள் வீடு வருகிறதா இல்லையா?

அந்தச் சட்டம் மாநகர சபை, நகர சபை, பட்டின சபை எல்லைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. யாழ்ப்பாணம் மாநகர சபை எல்லைக்குள் இருக்கிற பழைய வீடு, பழைய கடை என்றால் உள்ளே வர வாய்ப்பு அதிகம். திருநெல்வேலி, கொக்குவில் எல்லாம் நல்லூர் பிரதேச சபை. பேச்சில் எல்லாம் "டவுன்"தான், சட்டத்தில் அப்படி இல்லை. பிரதேச சபைப் பகுதி என்றால், அந்த இடம் முன்பு பட்டின சபை எல்லைக்குள் இருந்ததா, வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்கள் பல வீடுகளைச் சட்டத்துக்கு வெளியே எடுத்துவிட்டன. அதனால் வீடு எப்போது கட்டியது, 1980 ஜனவரி 1 இல் அதில் யார் இருந்தார், எப்போது முதன்முதலாக வாடகைக்கு விட்டீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். "அப்பா கட்டினது, வருஷம் தெரியாது" என்று வராமல், பழைய மதிப்பீட்டுப் பத்திரம், சோலைவரிச் சிட்டை எல்லாவற்றையும் அலுமாரியில் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சட்டத்துக்குள் வந்தால் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்?

வாடகை கட்ட வேண்டிய நாள் கடந்து மூன்று மாதம் நிலுவையில் இருக்க வேண்டும். "மூன்று மாத வாடகை தரவில்லை" என்பதும் "வாடகை நிலுவையாகி மூன்று மாதம் ஆயிற்று" என்பதும் ஒன்றல்ல. ஜனவரி வாடகை ஜனவரி முடிவில் கட்ட வேண்டியது என்றால், அங்கிருந்து மூன்று மாதம் எண்ணுங்கள். ஏப்ரல் முடிய வேண்டும். மார்ச் கடைசியில் துள்ளிக்கொண்டு வருகிறவர்களை நாங்கள் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்புகிறோம்.

அதன் பிறகு நோட்டீஸ். நிலுவை விழுந்தது இது முதல் தடவை என்றால் மூன்று மாத நோட்டீஸ். இரண்டாம் தடவை என்றால் இரண்டு மாதம். மூன்றாம் தடவையும் அதற்குப் பிறகும் ஒரு மாதம். நோட்டீஸில் சொன்ன நாள் வருவதற்குள் அவர் நிலுவை முழுவதையும் கொண்டுவந்து நீட்டினால், அந்த நிலுவையைக் காட்டி எழுப்ப முடியாது. வீட்டுக்காரருக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் தடவைக் கணக்கு இருப்பது இதற்காகத்தான்: திரும்பத் திரும்ப விளையாடுகிறவருக்கு நோட்டீஸ் காலம் சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே முதல் தடவையே நோட்டீஸ் கொடுத்துப் பதிவு வையுங்கள். "பாவம், விடுவம்" என்று வாய்ப்பேச்சில் விட்ட இரண்டு தடவையை நீதிமன்றத்தில் எப்படி எண்ணிக் காட்டப்போகிறீர்கள்?

சட்டத்துக்கு வெளியே என்றால்?

பொதுச் சட்டம், எங்கள் நாட்டில் ரோமன் டச்சுச் சட்டம். மாத வாடகை என்றால் ஒரு முழு மாத நோட்டீஸ், அது வாடகை மாதத்தின் முடிவில் போய் முடிய வேண்டும். ஒன்றாம் திகதிக்கு ஒன்றாம் திகதி வாடகை என்றால், செப்டெம்பர் 30 இல் எழும்பச் சொல்கிற நோட்டீஸ் ஆகஸ்ட் முடிவதற்குள் அவர் கையில் கிடைத்திருக்க வேண்டும். செப்டெம்பர் 5 இல் அனுப்பி ஒக்டோபர் 5 இல் எழும்பு என்றால் பிழை. இந்த ஒரு திகதிப் பிழையால் வருடக்கணக்கில் நடந்த வழக்குகள் தள்ளுபடியாகியிருக்கின்றன. வீட்டுக்காரர் தானே எழுதி அனுப்பிய நோட்டீஸ்களில் நான் முதலில் பார்ப்பது திகதியைத்தான்.

குத்தகை ஒப்பந்தம் முறையாக எழுதப்பட்டு, காலம் முடிந்தும் ஆள் போகவில்லை என்றால், 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் ஆட்சியை மாவட்ட நீதிமன்றத்தில் விரைவாக மீளப் பெறுவதற்கென்றே வந்த சட்டம் அது.

ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு, முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தது. நொத்தாரிசு இல்லை. பரவாயில்லையா?

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு வருடம் செல்லாது. ஆள் இருந்து வாடகை கொடுத்து வந்தால் அது மாத வாடகையாகவே எடுக்கப்படும். கடதாசியைக் கிழித்துப்போட வேண்டாம், வாடகை எவ்வளவு, எந்தத் திகதியில் என்று காட்ட அது உதவும்.

எழுத்தே இல்லாவிட்டாலும் வழக்கு இருக்கிறது. ஒரு அம்மா சி.ஆர் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். பதினொரு வருட வாடகை, ஒவ்வொரு மாதமும் வாடகைக்காரரின் கையெழுத்தோடு. ஒரு பக்கத்தில் மஞ்சள் கறை. "அண்டைக்குச் சமைச்சுக்கொண்டு நிண்டனான் தம்பி" என்றார். நொத்தாரிசு எழுதிய சில ஒப்பந்தங்களை விட அந்தக் கொப்பி பெறுமதியானது. வங்கிக்குக் காசு வந்தால் வங்கிக் கூற்று போதும். கையில் வாங்குகிறீர்கள் என்றால் பற்றுச்சீட்டுக் கொடுத்து அடிக்கட்டையை வையுங்கள்.

நோட்டீஸ் எப்படி அனுப்புவது? வட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன், நீலக் கோடும் விழுந்துவிட்டது.

நீலக் கோட்டை நம்பி வழக்கை வைக்காதீர்கள். பதிவுத் தபாலில், முடிந்தால் சட்டத்தரணி ஊடாக அனுப்புங்கள். தபால் கந்தோர் தருகிற பதிவுச் சிட்டையை நோட்டீஸின் பிரதியோடு ஊசி குத்தி வைக்க வேண்டும். யார் யாருக்குக் கொடுக்கிறார், எந்த வீடு, வாடகை எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து நிலுவை, எந்த நாளில் வாடகை உறவு முடிகிறது: இவ்வளவும் போதும். திட்டு வேண்டாம்.

இங்கே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வீடு பெரும்பாலும் சீதன வீடு, உறுதி மனைவியின் பெயரில். வாடகை வாங்குவது கணவன், பற்றுச்சீட்டில் கையெழுத்து மாமனார். நோட்டீஸ் யார் பெயரில் போவது? வாடகையைப் பெற உரித்துள்ளவர் யாரோ அவர்தான் வாடகைச் சட்டத்தின் கண்ணில் வீட்டுக்காரர். மூன்று பேரையும் சட்டத்தரணிக்கு முன் கொண்டுவந்து இருத்தி, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நோட்டீஸ் போன பிறகு காசு கொண்டுவருகிறார். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எப்படி வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு "வாடகை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், நோட்டீஸைக் கைவிட்டுப் புதிதாக வாடகைக்கு விட்டதாக அவருடைய சட்டத்தரணி வாதாடுவார். "எனது உரிமைகளுக்குப் பங்கமின்றி, நட்டஈடாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள்.

"நான் மாநகர சபையில் கட்டிவிட்டேன்" என்கிறார். விளையாட்டா?

இல்லை. வாடகைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி வாடகைக்காரர் வீட்டுக்காரரிடம் கொடுக்காமல், உள்ளூராட்சிச் சபையில் அதற்கு அதிகாரம் பெற்றவரிடம் வாடகையைக் கட்டலாம். அங்கே கட்டினால் உங்களுக்குக் கட்டியதாகவே கணக்கு. கோபத்தில் வாடகையை வாங்க மறுத்துவிட்டு, பிறகு நிலுவை என்று வழக்குப் போடுகிறவர்கள் விழுகிற குழி இதுதான். வழக்குக்கு முன் சபையில் போய் உங்கள் பெயரில் காசு கிடக்கிறதா என்று விசாரியுங்கள்.

முற்பணத்தில் கழித்துக்கொள்ளலாமா?

வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக் கூடாது. இரண்டு வருட முற்பணத்தை மொத்தமாக வாங்கி மகளின் கலியாணத்துக்குச் செலவழித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் மாறும். மேலதிகமாக வாங்கியதை வாடகையில் கழிக்க வேண்டும் என்று அவர் வாதாடினால், நிலுவையே இல்லை என்று ஆகிவிடலாம். சட்டத்துக்கு வெளியே உள்ள வீட்டுக்கு ஒப்பந்தத்தில் எழுதியதுதான்.

பெருந்தொகை வாங்கிக்கொண்டு, வட்டிக்குப் பதில் வீட்டில் இருக்கவிட்டிருந்தால் அது வாடகையே அல்ல, ஒற்றி. அது வேறு கதை. காசைத் திருப்பாமல் ஆளை எழுப்ப நினைக்க வேண்டாம்.

சாமான்களைப் பிடித்து வைக்கலாமா?

கையால் பிடிக்க முடியாது. வாடகைக்காகச் சாமான்கள் மேல் வீட்டுக்காரருக்கு ஓர் உரிமை பொதுச் சட்டத்தில் உண்டு, ஆனால் அதை நீதிமன்றம் ஊடாகத்தான் நடைமுறைப்படுத்தலாம். நீங்களே பிரிட்ஜைத் தூக்கினால் களவு முறைப்பாடு வரும்.

வீட்டுக்காரர் கனடாவில். நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார். அதற்குள் முடிக்கலாமா?

வருடா வருடம் கேட்கிற கேள்வி. கொடியேற்றத்துக்கு வந்து தேருக்கு முன் ஆளை எழுப்பிவிட வேண்டும் என்கிறார்கள். இருபத்தைந்து நாளில் திருவிழா முடியும், நோட்டீஸ் முடியாது. இங்கே இருக்கிற நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்படுகிற அதிகாரப் பத்திரம், கொடுங்கள். வழக்குத் தொடர, நோட்டீஸ் அனுப்ப, வாடகை வாங்க, இணங்கித் தீர்க்க என்று அதிகாரங்களை விளங்க எழுத வேண்டும். அவர் வருகிற அந்த மாதத்தைச் சாட்சியத்துக்கும் பத்திரங்களுக்கும் பயன்படுத்தினால் புத்தி.

வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்துவிட்டார். பத்து வருடம் ஆனால் வீடு அவருக்கா?

வாக்காளர் இடாப்பு குடியிருப்பைக் காட்டும், உரிமையை அல்ல. பத்து வருட ஆட்சி என்பது 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறதுதான். ஆனால் அது உரிமையாளருக்கு எதிரான ஆட்சியாக இருக்க வேண்டும். வாடகைக்காரராக உள்ளே வந்தவர், அந்த நிலையை வெளிப்படையாக மாற்றிக்கொள்ளாமல் சும்மா காலத்தை எண்ணி உரிமையாளர் ஆக முடியாது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: வாடகைக் காசைக் கேட்கிற உரிமை காலாவதியாகும். எழுத்தில்லாத வாடகைக்கு மூன்று வருடம், எழுதிய ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். ஐந்து வருடம் விட்டுவிட்டு வந்து வாய்ப்பேச்சு வாடகையில் முழுத் தொகையும் கேட்காதீர்கள்.

இருப்பது என் ஒன்றுவிட்ட தம்பி. வாடகையே வாங்கவில்லை.

அது வாடகை அல்ல, அனுமதி. அனுமதியை எழுத்தில் நீக்கி, எழும்ப நியாயமான காலம் கொடுத்து, பிறகு வழக்கு. சட்டம் சுலபம், உறவுதான் கஷ்டம். கடிதம் போவதற்கு முன் சித்தப்பாவிடம் ஒருக்கா கதைத்துவிடுங்கள். கடிதத்தைக் கண்ட பிறகு கதைக்க ஆள் இராது.

அவருக்கு உண்மையிலேயே நோய், வருத்தம். வேலையும் போய்விட்டது.

சட்டமும் அதை யோசித்திருக்கிறது. வாடகைச் சட்டத்துக்குள் வரும் வழக்கில், வருத்தத்தாலோ வேலையின்மையாலோ அப்படியான வேறு தகுந்த காரணத்தாலோ நிலுவை விழுந்தது என்று நீதிமன்றம் கண்டால், தவணையில் கட்ட விட்டு, ஒழுங்காகக் கட்டினால் ஆளை எழுப்பும் எழுத்தாணை (நீதிமன்றத்தின் எழுத்துக் கட்டளை) போகாது என்று கட்டளையிடும். ஆகவே உண்மையான கஷ்டக்காரரோடு வழக்குப் போடுவதால் உங்களுக்குக் கிடைப்பதும் ஒரு தவணை அட்டவணைதான். அதை இப்போதே மேசையில் இருந்து எழுதிக் கையெழுத்து வாங்கலாமே.

வழக்கு எவ்வளவு காலம்?

யாழ்ப்பாணமோ, மல்லாகமோ, பருத்தித்துறையோ, சாவகச்சேரியோ, வீடு இருக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றம். சிறிய தொகைப் பிணக்கு என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், தீரவில்லை என்ற சான்றிதழ் எடுக்க வேண்டி வரலாம். வழமையான வழக்கு வருடங்கள் இழுக்கும். தீர்ப்பு வந்தாலும் 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுத்து அவர் இன்னும் இழுக்கலாம். எல்லாம் முடிந்து எழுத்தாணையோடு பிஸ்கால், அதாவது நீதிமன்ற அலுவலர், வந்துதான் கதவைத் திறந்து வீட்டை உங்களிடம் தருவார்.

அதனால் என் கந்தோரில் முடிகிற வாடகை வழக்குகளில் அரைவாசிக்கு மேல் இணக்கத்தில்தான் முடிகின்றன. இன்ன நாளில் வீட்டைத் தருகிறேன், தராவிட்டால் மேலும் அறிவித்தல் இல்லாமல் எழுத்தாணை எடுக்கலாம் என்று வாடகைக்காரர் நீதிமன்றத்தில் பதிவு செய்வார். பதிலுக்கு வீட்டுக்காரர் நிலுவையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விடுவார். "அவனுக்கு ஏன் விட வேண்டும்?" என்று கேட்பவர்களிடம் நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன்: மூன்று வருடம் வீடு சும்மா முடங்கிக் கிடந்தால் போகிற வாடகை ஒரு பக்கம், இப்போது விடுகிற நிலுவை மறு பக்கம். கல்குலேட்டரை நானே நீட்டுவேன். பலர் அதன்பின் ஒன்றும் சொல்வதில்லை.

ஒருவாறு வீட்டைத் தருகிறேன் என்கிறார். அன்றைக்கு என்ன செய்வது?

இரண்டு பேரும் வீட்டில் நில்லுங்கள். திறப்பை எண்ணி வாங்குங்கள், பின்கதவு, படலை, கிணற்று மோட்டர் அறை எல்லாவற்றுக்கும். மின்மீற்றரின் எண்ணைப் போனில் படம் எடுங்கள். "இன்று வீட்டின் வெற்று ஆட்சி கையளிக்கப்பட்டது" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் திகதியோடு கையெழுத்து வைத்து, ஆளுக்கொரு பிரதி எடுங்கள். பூட்டு மாற்றுகிற வேலையை அதற்குப் பிறகு, அவர் சாமான் ஏற்றிய லான்ட்மாஸ்டர் படலையைத் தாண்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.